ஸ்பானிஷ் ஸ்லாங் ஏன் ஊர் தாண்டினால் செல்லுபடியாவதில்லை?

"தாய்மொழிக்காரர் மாதிரி ஸ்பானிஷ் பேச இந்த வார்த்தைகள் போதும்" என்று வரும் வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் ஓடும். பார்செ, வெய், போலூதோ, தீயோ, செபெரெ, குவாய். முதல் நாலும் நண்பனைக் கூப்பிடும் சொற்கள், கடைசி இரண்டுக்கும் "சூப்பர்" என்று பொருள். இந்த ஆறையும் கலந்து பேசுகிற ஆள் உலகத்தில் எங்குமே கிடையாது, அதுதான் சிக்கல். பார்செ கொலம்பியாச் சொல், அதிலும் மெதெயின் நகரத்து வாசனை அடிக்கும். வெய் மெக்சிகோ. போலூதோ அர்ஜென்டினாவும் உருகுவேயும். தீயோ, குவாய் இரண்டும் ஸ்பெயின். செபெரெ மட்டும் கொஞ்சம் ஊர் சுற்றிய சொல்; கரீபியன் தீவுகள், வெனிசுவேலா, கொலம்பியா, எக்வடோர், பெரு என்று பல இடங்களில் எடுபடும், ஆனால் மாட்ரிடில் சொன்னால் "ஓ, நீ அந்தப் பக்கமா" என்று பார்ப்பார்கள்.

இந்த விஷயத்தில் கருத்துச் சொல்பவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஸ்பெயினில் பேசுவதுதான் அசல், கடல் தாண்டிப் போனதெல்லாம் கெட்டுப்போனது என்பது ஒரு கட்சி. ஸ்பெயின் ஸ்பானிஷ் ஒன்று, லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் ஒன்று, இரண்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு. ஏறக்குறைய 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி இது, சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. மெக்சிகோ நகரத்துக்கும் புவெனஸ் அயர்ஸுக்கும் நடுவே 7,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது. அந்த இரண்டு ஊர்ப் பையன்களையும் "லத்தீன் அமெரிக்கா" என்று ஒரே டப்பாவில் போட்டு மூடினால் ஸ்லாங் விஷயத்தில் ஒன்றுமே விளங்காது.

(எழுத்து பற்றி ஒரு வரி. இங்கே வரும் ஸ்பானிஷ் சொற்களில் முதலில் நிற்கும் சே, செபெரெ, சாம்பா போன்றவற்றின் "ச"வைப் "பச்சை" என்பதில் ஒலிப்பதுபோல அழுத்திப் படியுங்கள்.)

## எது ஸ்லாங், எது இல்லை

"மதுரை ஸ்லாங்", "நெல்லை ஸ்லாங்" என்று நாம் சொல்லும்போது ராகம், உச்சரிப்பு, ஊர்ச் சொல், கிண்டல் வார்த்தை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் சொல்கிறோம். ஸ்பானிஷைப் பற்றிப் பேசும்போதும் அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் உச்சரிப்பு. இதில் சொல் மாறாது, ஒலி மட்டும் மாறும். தெருவைப் பெரும்பாலான ஊர்களில் "காயெ" என்பார்கள். அதே சொல் புவெனஸ் அயர்ஸ்காரர் வாயில் "காஷெ" ஆகிவிடும். எழுத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்தது வட்டார வழக்கு, அதாவது ஒரு பகுதியில் பாட்டி முதல் மந்திரி வரை எல்லோரும் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல். பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அவுத்தொபூஸ். மெக்சிகோவில் கமியோன், மற்ற ஊர்களில் அது லாரி. சிலியில் மீக்ரோ. புவெனஸ் அயர்ஸில் கொலெக்தீபோ, 1928-இல் அங்கே பல பேர் சேர்ந்து ஏறும் டாக்ஸியாக ஆரம்பித்ததால் "கூட்டு" என்ற பொருளில் வந்த பெயர். கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, அப்புறம் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் அது வாவா. நம் காதில் யாரோ அழைப்பதுபோல விழும், ஆனால் அதுவும் பஸ்தான். இவை எதுவும் ஸ்லாங் இல்லை. அரசாங்க அறிவிப்பிலேயே இந்தச் சொற்கள் வரும்.

ஸ்லாங் என்பது, எல்லோருக்கும் தெரிந்த சாதாரணச் சொல் கையில் இருக்கும்போதே, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வேண்டுமென்றே எடுத்துப் பயன்படுத்தும் இன்னொரு சொல். புவெனஸ் அயர்ஸ் பஸ்ஸிலேயே இதைப் பார்க்கலாம். கொலெக்தீபோ அங்கே வட்டார வழக்கு. நண்பர்கள் நடுவே அதையே "போந்தி" என்பார்கள், அது ஸ்லாங். செய்தி வாசிப்பவர் போந்தி என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாக இருக்கும்.

கெட்ட வார்த்தை வேறு கணக்கு. சில ஸ்லாங் சொற்கள் கெட்ட வார்த்தைகள்தான், ஆனால் குவாய் (சூப்பர்) என்பதை ஸ்பெயினில் பாட்டி முன்னாலேயே சொல்லலாம்.

ஆக, ஒலி மாறினால் உச்சரிப்பு, ஊரே சொன்னால் வட்டார வழக்கு, கூட்டம் தனக்குள் சொன்னால் ஸ்லாங். இனிமேல் ஸ்லாங் என்று எழுதும்போது மூன்றாவதை மட்டும்தான் சொல்கிறேன்.

## நண்பனை எப்படிக் கூப்பிடுவார்கள்

நாம் "மச்சான்" என்று கூப்பிடும்போது அவன் தங்கையைக் கட்டுவதைப் பற்றி யோசிப்பதில்லை. உறவு போய்விட்டது, நெருக்கம் மட்டும் மிச்சம். ஸ்பெயினில் "தீயோ" அப்படித்தான். அகராதிப் பொருள் மாமா, சித்தப்பா. பேச்சில் "டேய்", "ஆளு", "மச்சி" எல்லாம் அதுவே. பெண்ணுக்குத் தீயா. ஒரு சொல் தன் பழைய பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிட்டு வெறும் விளிச்சொல்லாகவோ உணர்ச்சிக் குறியாகவோ மிஞ்சுவதைப் பொருள் தேய்வு என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாங்கின் பெரிய தொழிற்சாலை இதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, மூன்று நாடுகள் தனித்தனியாக ஒரே பாதையில் நடந்து வந்தது. மெக்சிகோவின் வெய், "எருது" என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் எருது, அப்புறம் மந்தபுத்திக்காரன் என்று வசவு, இப்போது நண்பன். அர்ஜென்டினாவின் போலூதோ, சிலியின் வெயோன் இரண்டுக்கும் அடியில் இருப்பது பெரிய விரைகள் உள்ளவன் என்ற பச்சையான பொருள். அது முட்டாள் என்ற திட்டாக மாறி, அந்தத் திட்டும் தேய்ந்து, இன்று நெருங்கிய நண்பனைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. மெக்சிகோவில் பெண்கள் தங்களுக்குள்ளேயே வெய் போட்டுக்கொள்கிறார்கள். எருதும் போய், ஆண்பாலும் போய்விட்டது.

ஆனால் தேய்வு முழுதாக முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வசவு இன்னும் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. புவெனஸ் அயர்ஸில் சிரித்துக்கொண்டே சொன்னால் போலூதோ நண்பன். சிக்னலில் காரை இடித்தவனைப் பார்த்துச் சொன்னால் அசல் திட்டு. எது எப்போது என்பதைக் குரலும் உறவும்தான் தீர்மானிக்கும். புதிதாகப் போன வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் குரல் பழகியிருக்காது, சொல் மட்டும்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் இந்த வீடியோப் பட்டியல்கள் கொஞ்சம் ஆபத்தானவை என்கிறேன்.

மற்ற ஊர்களில் வெனிசுவேலாவுக்கும் எக்வடோருக்கும் பானா, கியூபாவுக்கு அசேரெ, கோஸ்டா ரிக்காவுக்கு மாயெ. அர்ஜென்டினாவின் "சே" நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான், சட்டையில் படமாகவே போட்டுக்கொண்டு திரிகிறோம். எர்னெஸ்தோ குவேரா அர்ஜென்டினாக்காரர். தன் ஊர் வழக்கப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் "சே" போட்டுக் கூப்பிட்டதால் கியூபாத் தோழர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். "ஏய்" என்பது மாதிரியான ஒரு விளிச்சொல், ஊர் மாறியதும் ஆளை அடையாளம் காட்டிவிட்டது. ஸ்லாங்கின் வேலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

## ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது

வேலை என்பதற்கு "த்ரபாஹோ" என்ற சொல் இத்தனை நாடுகளிலும் எல்லோருக்கும் புரியும். அப்படியிருக்க ஸ்பெயினில் குர்ரோ, மெக்சிகோவிலும் பெருவிலும் சாம்பா, அர்ஜென்டினாவில் லபூரோ, சிலியில் பேகா, கொலம்பியாவில் கமேயோ (ஒட்டகம்!) என்று தனித்தனியாக எதற்கு? பொருளைச் சொல்வதற்கு என்று நினைத்தால் இது வீண் செலவு. அந்த வேலையைத் த்ரபாஹோவே செய்துவிடும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. த்ரபாஹோ என்றால் "வேலை" என்ற செய்தி மட்டும் போய்ச் சேரும். லபூரோ என்றால் "வேலை" என்பதோடு "நான் இந்த ஊர்க்காரன், நாம் இப்போது சட்டையைத் தளர்த்திக்கொண்டு பேசுகிறோம்" என்பதும் சேர்ந்து போகும். ஸ்லாங் சுமப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்தியைத்தான். நம்மாள் யார், வெளியாள் யார் என்று பிரித்துக் காட்டுகிற சொல் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தால் பிரிக்கவே முடியாதே. அதனால் இது மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

பொதுச் சொற்களுக்கு இருக்கிற கடிவாளம் இதற்குக் கிடையாது. தண்ணீர், கை, வா, போ, நாளை போன்ற சொற்களைப் பள்ளிக்கூடம், பத்திரிகை, வியாபாரம், சட்டம் எல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்லாங்கை எந்த வாத்தியாரும் சொல்லித் தருவதில்லை, எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை. தெருவில் பிறந்து தெருவிலேயே வளர்கிற சரக்கு, அந்தத் தெரு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போகும். குடித்த மறுநாள் காலை வரும் தலைவலிக்கு ஒவ்வொரு ஊரும் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ஸ்பெயினில் ரெசாகா (கரைக்கு வந்து திரும்பும் அலையின் இழுப்பு), மெக்சிகோவில் க்ரூதா (பச்சையாக, வேகாமல்), கொலம்பியாவில் குவயாபோ (கொய்யா மரம்), வெனிசுவேலாவில் ரத்தோன் (எலி), எக்வடோரில் சுச்சாக்கி. அவரவர் தலைவலி, அவரவர் கற்பனை.

காலமும் இதே வேலையைச் செய்கிறது. பெற்றோர் வாய்க்குப் போன ஸ்லாங் பிள்ளைகளுக்குக் கசக்கும். ஸ்பெயினில் "சாச்சி" என்றால் சூப்பர் என்றுதான் அர்த்தம். ஆனால் இன்று ஒரு பதினாறு வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பான்.

சுருக்கமாக: பொதுச் சொல் எல்லோரையும் சேர்க்கப் பார்க்கிறது, ஸ்லாங் சிலரை மட்டும் சேர்க்கப் பார்க்கிறது. மாறுவதற்குக் காரணம் அதுதான். எப்படி மாறுகிறது என்பதற்கு அக்கம்பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

## அக்கம்பக்கம் தந்த சொற்கள்

புவெனஸ் அயர்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம், கதை அங்கேதான் கொழுத்துக் கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள், அதில் இத்தாலியர்கள்தான் அதிகம். 1914 கணக்கெடுப்பின்போது அந்த நகரத்தில் வசித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். நெருக்கியடித்த வாடகைக் குடியிருப்புகளில் ஸ்பானிஷும் பல வகை இத்தாலியனும் ஒரே முற்றத்தில் புழங்க, அதிலிருந்து ஒரு சொல்தொகுதி கிளம்பியது. அதற்குப் பெயர் லுன்ஃபார்தோ. ஆரம்பத்தில் திருடர் பாஷை என்று போலீஸ்காரர்கள் குறித்து வைத்தார்கள். அப்புறம் தாங்கோ பாட்டில் ஏறி, நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் நுழைந்து, 1962-இல் அதற்கென்றே ஒரு அகாதெமி வைக்கும் அளவுக்கு மரியாதை பெற்றுவிட்டது.

லபூரோ இத்தாலியனின் "லவோரோ". பீர் அங்கே பிர்ரா, அதுவும் இத்தாலியன். போந்தி வந்தது பக்கத்துப் பிரேசிலில் டிராமுக்குச் சொல்லும் சொல்லிலிருந்து. இதோடு பெஸ்ரெ என்று ஒரு விளையாட்டும் உண்டு: சொல்லின் அசைகளைத் திருப்பிப் போடுவது. ரெபேஸ் என்றால் தலைகீழ், அதைத் தலைகீழாக்கினால் பெஸ்ரெ. தாங்கோ கோதான் ஆகும், காப்பிக்கான கஃபே ஃபேக்கா ஆகும், நண்பனுக்கான அமீகோ கொமீயா ஆகும். வேடிக்கை என்னவென்றால் திருப்பிப் போட்ட சொல்லுக்குச் சில நேரம் தனிப் பொருள் வந்துவிடும். ஓத்தேல் என்றால் சாதாரண ஹோட்டல். அதைத் திருப்பிய தேலோ, ஜோடிகள் மணிக்கணக்குக்கு அறை எடுக்கும் இடம். புவெனஸ் அயர்ஸில் தங்க இடம் தேடும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

ஸ்பெயினுக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ரோமா மக்கள், அங்கே ஹித்தானோ என்பார்கள். 15-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களுடைய மூல மொழி வட இந்தியாவிலிருந்து கிளம்பியது. ஸ்பானிஷ் இலக்கணத்தில் அந்த மொழியின் சொற்களைப் போட்டுப் பேசும் வழக்குக்குக் கலோ என்று பெயர். குர்ரோ அதிலிருந்து வந்தது. பையன் என்பதற்குச் சபால், பிடித்திருக்கிறது என்பதற்கு மோலா, மோசம் என்பதற்குச் சுங்கோ எல்லாம் அதிலிருந்துதான். 1783-இல் அரசர் மூன்றாம் கார்லோஸ் போட்ட சட்டம் அந்த மக்களின் உடையையும் மொழியையும் தடை செய்தது. இன்று மாட்ரிடில் பெரிய கம்பெனி மேனேஜர்கூடத் தன் மகனைச் சபால் என்கிறார். தடை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில் அந்த மொழி உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அமெரிக்கக் கண்டத்தில் பழங்குடி மொழிகள். மெக்சிகோவில் நண்பனுக்குச் சொல்லும் குவாத்தெ, வாண்டுப் பயலுக்குச் சொல்லும் எஸ்குவிங்க்லெ இரண்டும் நவாத்ல் மொழி. இரண்டாவதன் மூலப் பொருள் நாய். ஆண்டிஸ் மலைப் பக்கம் கெச்சுவா. அங்கே கைக்குழந்தைக்கு வாவா என்று பெயர். கியூபாக்காரர் "வாவா பிடிக்கணும்" என்று அவசரமாக ஓடினால் சிலிக்காரருக்கு யாரோ குழந்தையைத் தூக்க ஓடுவதாகக் கேட்கும். ஆங்கிலமும் விடவில்லை. பெருவில் காவலாளிக்கு குவாச்சிமான், அது நம்ம ஊர் வாட்ச்மேன்தான். சிலியில் வாக்கியம் முடியும்போதெல்லாம் வரும் "கச்சாய்?" (புரிஞ்சுதா?) என்பதன் வேர், பிடி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது என்கிறார்கள். அதன் வால் மட்டும் பழைய ஸ்பானிஷ் வினைமுற்று.

## ஒரு ஊரில் பழம், இன்னொரு ஊரில் கெட்ட வார்த்தை

எல்லோரும் ரசித்துப் பேசும் பகுதி இது, ஆனால் பெரும்பாலும் தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான். ஸ்பெயினில் "கொஹெர்" என்றால் எடு, பிடி. பஸ் பிடிப்பது, போனை எடுப்பது எல்லாம் கொஹெர். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். இதை வைத்து "லத்தீன் அமெரிக்காவில் கொஹெர் சொல்லவே கூடாது" என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு. அதுவும் சரியில்லை, கொலம்பியாவிலும் கியூபாவிலும் மக்கள் தினமும் கூசாமல் கொஹெர் சொல்லித்தான் பஸ் பிடிக்கிறார்கள்.

இதில் நடப்பது இதுதான். ஒரு சாதாரணச் சொல்லுக்கு ஒரு ஊரின் ஸ்லாங்கில் கொச்சையான இரண்டாம் பொருள் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச காலத்தில் அந்தப் பொருள்தான் முதலில் மனதுக்கு வருகிறது. அப்போது மக்கள் நல்ல பொருளில்கூட அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள், காலியான இடத்துக்கு வேறொரு சொல் வந்து உட்காருகிறது. இதைச் சொல் ஒதுக்கம் எனலாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொஹெரின் இடத்தைத் தொமாரும் அகர்ராரும் பிடித்துக்கொண்டன. ஹவானாவில் பப்பாயா என்பது பெண்குறிக்கான கொச்சைச் சொல், அதனால் பப்பாளிப் பழத்துக்கு "வெடிகுண்டுப் பழம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெக்சிகோவில் முட்டைக்கான சொல் கொச்சையில் விரையையும் குறிப்பதால், சிலர் முட்டையை நாசூக்காக "வெள்ளையானது" என்பார்கள். ஆக, ஸ்லாங் தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா போவதில்லை. கண்ணியமான பேச்சின் சொல்லையும் மாற்றிவிட்டுத்தான் போகிறது.

கார் கம்பெனிகளுக்கு இது பணப் பிரச்சினை. மிட்சுபிஷி பஜேரோ நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய வண்டிதான். தென் அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயரை வைத்தார்கள். ஆனால் ஸ்பானிஷில் பஹேரோ என்றால் சுயஇன்பம் செய்பவன் என்ற திட்டு. ஸ்பெயினிலும் அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளிலும் அதே வண்டி மொந்தேரோ என்ற பெயரில்தான் விற்றது.

எதிர்த் திசையிலும் உண்டு. ஸ்பெயினில் கோன்சா என்றால் கிளிஞ்சல், கொன்செப்சியோன் என்ற பெயருள்ள பெண்களின் செல்லப்பெயரும் அதுதான், சான் செபஸ்தியான் நகரத்தின் புகழ்பெற்ற கடற்கரைக்கும் அதுதான் பெயர். அர்ஜென்டினாக்காரர்கள் அந்தக் கடற்கரையின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுப்பதற்குக் காரணம், அவர்கள் ஊரில் அந்தச் சொல்லின் பொருள் ஹவானாவின் பப்பாயாவுக்குச் சமம்.

## ஒரே நாட்டுக்குள்ளும் ஒன்றில்லை

"மெக்சிகோ ஸ்லாங்", "ஸ்பெயின் ஸ்லாங்" என்று நாடுவாரியாகப் பிரிப்பதும் ஒரு வசதிக்குத்தான். ஸ்பெயினின் செவிய்யா நகரத்தில் நண்பனை "இய்யோ" என்று கூப்பிடுவார்கள், சின்னப்பயல் என்ற சொல்லின் வால் மட்டும் மிச்சம். கொஞ்சம் தெற்கே காடிஸ் ஊரில் அதே இடத்தில் "பிச்சா" வரும், அது ஆண்குறிக்கான சொல், அங்கே அன்பாகத்தான் சொல்வார்கள். கிழக்கே முர்சியாவில் "ஆச்சோ". மாட்ரிட்காரர் இதில் எதையும் சொல்ல மாட்டார்.

ஊரைப்போலவே வர்க்கமும் கோடு போடும். பணக்கார வீட்டுப் பிள்ளை, அலட்டல் பேர்வழி, பேச்சிலேயே பளபளப்பு தெரியும் ரகம், இவர்களுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ஸ்பெயினில் பிஹோ, மெக்சிகோவில் ஃப்ரேசா (ஸ்ட்ராபெரி), அர்ஜென்டினாவில் சேத்தோ, சிலியில் குயிக்கோ, பெருவில் பித்தூக்கோ, வெனிசுவேலாவில் சிஃப்ரீனோ, பொகோட்டாவில் கொமேலோ. இவற்றை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அபூர்வம். வெளியிலிருந்து கைகாட்டும் சொற்கள் இவை. நம்மாள், வெளியாள் என்ற அதே கோடுதான், இந்தத் தடவை ஒரே நகரத்துக்குள்ளே இரண்டு தெருவுக்கு நடுவே.

## எல்லோருக்கும் பொதுவான ஸ்பானிஷ் இல்லையா?

இருக்கிறது. டப்பிங் ஸ்டூடியோக்களில் "நடுநிலை ஸ்பானிஷ்" என்று ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவில் டப் செய்த படத்தைச் சிலியிலும் பெருவிலும் போட்டுக் காசு பார்க்க வேண்டும் அல்லவா. யாருக்கும் புரியாமல் போகக் கூடாது என்பதால் முதலில் வெளியேற்றப்படுவது ஸ்லாங்தான். விளைவு, நியூயார்க் ரவுடி கோபத்தில் "அட மின்னலே!" என்று கத்துவான், சாண்ட்விச்சுக்கு யாரும் வீட்டில் சொல்லாத எம்பரெதாதோ என்ற சொல் வரும். எல்லோருக்கும் புரியும், யார் ஊரும் இல்லை.

எதிர்ப் பக்கம் நடந்த கூத்தும் உண்டு. அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய மெக்சிகோப் படம் "ரோமா", 2018-இல் வந்தது. அதை ஸ்பெயினில் வெளியிட்டபோது நெட்ஃபிளிக்ஸ் மெக்சிகோ ஸ்பானிஷுக்கு ஸ்பெயின் ஸ்பானிஷில் சப்டைட்டில் போட்டது. திரையில் "மமா" (அம்மா) என்று கேட்கும், கீழே "மாத்ரெ" (தாய்) என்று எழுதியிருக்கும். கன்சீத்தோ என்ற மெக்சிகோ சாக்லேட் கேக்கின் பெயரை, ஸ்பெயினில் விற்கும் கஞ்சீத்தோ என்ற சீஸ் நொறுக்குத்தீனியாக மாற்றினார்கள். இயக்குநர் இதை அவமதிப்பு என்றார், 2019 ஜனவரியில் அந்த சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள். ஸ்பெயின்காரர்களுக்கு மெக்சிகோப் பேச்சு புரியாது என்று ஒருவர் முடிவு செய்ததுதான் அங்கே கோபத்தைக் கிளப்பியது. இலக்கணம் ஒன்று, பொதுச் சொற்களில் பெரும்பகுதி ஒன்று. தெரியாத ஸ்லாங்கைச் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, "இதெல்லாம் அகராதியில் இல்லாத வார்த்தைகள்" என்பதும் பழைய கதை. 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதியிலேயே குவாய், குர்ரோ, சாம்பா, லபூரோ எல்லாம் நாட்டுக் குறிப்போடு இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்துச் சொற்களுக்கு மட்டும் 2010-இல் தனி அகராதியே போட்டார்கள்.

## கற்றுக்கொள்பவருக்கு

காது எல்லா ஊருக்கும் திறந்திருக்கட்டும், வாய்க்கு ஒரே ஊர் போதும். உங்கள் ஆசிரியர் பெருக்காரர் என்றால் பெரு, மெக்சிகோ சீரியல் பார்த்துக் கற்றால் மெக்சிகோ. வேறு ஊர்ச் சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள், திருப்பிச் சொல்ல அவசரப்படாதீர்கள். வெய், போலூதோ, வெயோன் மூன்றையும் எதிராளி உங்களைப் பார்த்துச் சொல்லிச் சில நாள் ஆகும் வரை தொடவே வேண்டாம். செபெரெ, குவாய் மாதிரி "நல்லாருக்கு" வகைச் சொற்களில் அவ்வளவு ஆபத்தில்லை.

அப்புறம், அகராதியை நம்பி ஊருக்குள் இறங்காதீர்கள். மாட்ரிடில் "தீந்தோ" கேட்டால் ரெட் ஒயின் வரும். பொகோட்டாவில் காலையில் கேட்டால் கறுப்புக் காப்பி வரும், அதுவும் "ஒரு தீந்தோ அன்பளிப்பாகத் தாங்களேன்" என்று கேட்பதுதான் அங்கே மரியாதை, காசு கொடுத்துதான் குடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் "இங்கே இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குப் பக்கத்து நாட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்று ஒப்பிட்டுச் சிரிப்பதைவிடப் பிடித்த பொழுதுபோக்கு இல்லை. ஜூஸ் கடையில் ஸ்ட்ரா கேட்டுப் பழகலாம். மெக்சிகோவில் பொபோத்தெ, கொலம்பியாவில் பித்தீயோ, பெருவில் கன்யீத்தா, ஸ்பெயினில் பஹீத்தா, சிலியில் பொம்பீயா. சிலியில் பழகிய வாயோடு மாட்ரிட் போய்ப் பொம்பீயா கேட்டால் பல்பு வாங்குவீர்கள், இரண்டு அர்த்தத்திலும்.